கைபேசியும் கைகொடுக்கும் மனிதரும்

வங்கிக் கிளைக்கு வரும் மூத்த வாடிக்கையாளர்களிடமிருந்து அண்மைக் காலத்தில் நாங்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "பையன் வந்தால்தான் தெரியும்." கணக்கில் இருப்பு எவ்வளவு, வைப்புத்தொகை எந்த மாதம் முதிர்கிறது, எரிவாயு மானியம் வந்து சேர்ந்ததா என்று எதைக் கேட்டாலும் விடை மகனின் கைபேசியில் இருக்கிறது. இவ்வாறு சொல்பவர்களில் பலர் முப்பது, நாற்பது ஆண்டுகள் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் தொழிற்சாலைகளிலும் பொறுப்பான பணிகளில் இருந்தவர்கள். தம் கைப்படச் செலான் எழுதி, கணக்குப் புத்தகத்தில் பதிவு போட்டு வாங்கி, வட்டி சரியாக வந்திருக்கிறதா என்று எங்களையே கேள்வி கேட்டவர்கள். அவர்களுடைய அறிவும் நினைவும் அப்படியேதான் இருக்கின்றன. கணக்கு மட்டும் அவர்கள் கையை விட்டு வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

அதே கிளையில், அதே நாளில், நடைபாதையில் பூ விற்கும் பெண்மணி ஒருவர் எவருடைய உதவியும் இன்றித் தம் வரவு செலவைக் கைபேசியிலேயே பார்த்துக்கொள்கிறார். ஒரே கருவி ஒருவரைச் சொந்தக் காலில் நிற்க வைக்கிறது. மற்றொருவரைப் பிறர் தயவில் நிறுத்துகிறது. இது எதனால் என்பதை எண்ணிப் பார்ப்பது நம் ஒவ்வொருவருக்கும் பயன் தரும். இது பணத்தைப் பற்றிய கேள்வி. பணத்தோடு சேர்ந்து, நம்மைச் சுற்றியுள்ள மனிதர்களைப் பற்றிய கேள்வியும்கூட.

கருவி தந்த விடுதலை

1995 ஜூலை 31 அன்று, மேற்கு வங்கத்தின் அன்றைய முதலமைச்சர் ஜோதிபாசு, டெல்லியிலிருந்த மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியது இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு. அதற்கு முன்பு, வெளியூரில் இருப்பவரிடம் பேச எஸ்.டி.டி. பூத்தில் இரவு பத்து மணிக்குக் கட்டணம் குறையும்வரை காத்திருந்த தலைமுறை ஒன்று நம்மிடையே இன்னும் இருக்கிறது. 2014 ஆகஸ்ட் 28 அன்று ஜன் தன் திட்டம் தொடங்கப்பட்டு, வங்கியின் வாசலையே மிதித்திராத கோடிக்கணக்கானவர்களுக்குக் கணக்கு கிடைத்தது. 2016 இல் இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் யு.பி.ஐ. முறையை அறிமுகப்படுத்தியது. ஏழே ஆண்டுகளில், 2023 ஆகஸ்ட் மாதத்தில், ஒரு மாத யு.பி.ஐ. பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை 1000 கோடியைக் கடந்தது.

இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் உண்மையான விடுதலை இருக்கிறது. வெளிமாநிலத்தில் கட்டட வேலை செய்பவர், ஊருக்குப் பணம் அனுப்ப அரைநாள் கூலியை இழந்து வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பார்வையற்ற ஒருவர், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் வசதியைக் கொண்டு, தம் ரகசிய எண்ணை எவரிடமும் சொல்லாமல் பணம் செலுத்துகிறார். கணவரிடம் கேட்காமலும் சொல்லாமலும் தம் சிறு சேமிப்பைத் தாமே பார்த்துக்கொள்ளும் பெண்கள் பலர். ஆகவே கைபேசியைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதை விட்டுவிட வேண்டும் என்று சொன்னால், சொல்பவர் வாழ்க்கையை அறியாதவர் என்றே பொருள்.

சார்பு இடம் மாறுகிறது

எனினும், பிறரைச் சார்ந்திருந்த நாம் இன்று எவரையும் சாராதவர்கள் ஆகிவிட்டோமா என்றால், இல்லை. முன்பு பலரிடம் சிறிது சிறிதாகப் பரவியிருந்த சார்பு, இன்று ஒரே பொருளின் மேல் குவிந்திருக்கிறது. வங்கிச் செயலி, ஓ.டி.பி. வரும் சிம் அட்டை, அடையாள ஆவணங்கள், உறவினர்களின் எண்கள், செல்ல வேண்டிய இடத்தின் வழி ஆகிய அனைத்தும் ஒரே கருவிக்குள் இருக்கின்றன. அது பேருந்தில் தொலைந்துபோனால், தொலைந்துவிட்டது என்று வீட்டுக்குச் சொல்லவும் எண் நினைவில் இல்லாத நிலையில் நிற்கிறோம்.

இது வயதானவர்களுக்கு மட்டும் உரிய குறை அன்று. அமெரிக்க உளவியல் அறிஞர் பெட்சி ஸ்பாரோவும் அவருடைய குழுவினரும் 2011 இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளியிட்ட சோதனைகள், ஒரு செய்தி கணினியில் சேமிக்கப்பட்டிருக்கும் என்று நம்புபவர்கள் அச்செய்தியைக் குறைவாகவே நினைவில் வைக்கிறார்கள் என்றும், அது எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதையே நன்றாக நினைவில் வைக்கிறார்கள் என்றும் காட்டின. நினைவைக் கருவியிடம் ஒப்படைப்பதில் தவறில்லை. குறிப்பேடும் பேரேடும் அதற்காகவே தோன்றியவை. ஆனால் பேரேட்டுக்குப் பூட்டு ஒன்றுதான். அதன் சாவி இருக்கும் இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கைபேசியின் பூட்டு, பெரும்பாலும் ஒருவருடைய விரலுக்கோ முகத்துக்கோ மட்டுமே திறக்கும்.

2025 மார்ச் 26 அன்று மாலை, நாட்டின் பல பகுதிகளில் யு.பி.ஐ. சேவையில் தற்காலிகத் தடை ஏற்பட்டது. ஏப்ரல் 12 அன்றும் அவ்வாறே நிகழ்ந்தது. சில மணி நேரங்களில் சேவை சீரானது. எந்தப் பெரிய அமைப்பிலும் இத்தகைய தடைகள் எப்போதாவது வரவே செய்யும். அந்தச் சில மணி நேரங்களில் நம் கைவசம் வேறு என்ன இருந்தது என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது. சட்டைப்பையில் இருநூறு ரூபாய் வைத்திருந்தவருக்குச் சிரமம் இல்லை. தெருமுனைக் கடைக்காரருக்குத் தெரிந்த முகமாக இருந்தவருக்கும் சிரமம் இல்லை; "நாளைக்குக் கொடுங்க" என்ற ஒரு சொல்லில் காரியம் முடிந்திருக்கும். ஒலிபெருக்கிப் பெட்டி தொகையை அறிவிக்கும்வரை நின்று, கடைக்காரரின் முகத்தைப் பாராமலே திரும்பிப் பழகியவருக்கு அந்தச் சொல் கிடைப்பது அரிது.

குறைந்துபோன சந்திப்புகள்

நவம்பர் மாதம் வங்கிக் கிளைகளுக்கு ஓய்வூதியர்களின் மாதம். அரசு ஓய்வூதியம் பெறுபவர்கள் தாம் உயிருடன் இருப்பதற்கான வாழ்நாள் சான்றிதழை அம்மாதத்தில் அளிக்க வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே அளிக்கலாம். 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' என்னும் மின்னணுச் சான்றிதழ் முறை வந்தது. 2021 நவம்பரில், கைபேசியின் கேமராவில் முகத்தைக் காட்டியே சான்றிதழ் பெறும் வசதியும் சேர்ந்தது. படுக்கையில் இருக்கும் ஒரு மூதாட்டியை நாற்காலியில் அமர்த்தி ஆட்டோவில் கொண்டுவந்த காட்சிகளைக் கண்ட எங்களுக்கு, இதைவிட மனிதநேயமான மாற்றம் வேறு ஏது என்றே தோன்றுகிறது.

அதே வேளையில், நடக்க முடிந்தவர்களும் வராமல் போவதால் நின்றுபோன சில உண்டு. நவம்பர் வரிசையில் ஒருவருக்கொருவர் நலம் விசாரித்துக்கொள்வார்கள். பக்கத்துத் தெரு நண்பர் வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். கையொப்பம் நடுங்குவதைக் கண்டு, "உடம்புக்கு என்ன?" என்று நாங்கள் கேட்டதும் உண்டு, கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள் என்று அப்போதே சொல்லி, பின்னர் அது அந்தக் குடும்பத்துக்கு உதவியதும் உண்டு. இவை எந்தப் படிவத்திலும் இடம்பெறாத சேவைகள். ஒரு வேலைக்காக வந்த இடத்தில் தானாக நடந்தவை. அந்த வேலை இடம் மாறியபோது, இவற்றுக்கு மாற்று இடம் எதையும் நாம் அமைத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்குள்ளும் இதே நிலைதான். தொகையைப் பற்றி மகன் தந்தையிடம் கேட்பதும், தாய் மகளிடம் கணக்கு ஒப்பிப்பதும் உரையாடலாக இருந்தன. இன்று ஒரே கூடத்தில் நால்வர் நான்கு திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதை உணர்ந்து செயல்பட்ட ஊர் ஒன்று மகாராஷ்டிரத்தில் உள்ளது. சாங்கலி மாவட்டத்தைச் சேர்ந்த மோஹித்யாஞ்சே வட்காவ் என்னும் சிற்றூரில், பெருந்தொற்றுக் காலத்து இணைய வகுப்புகளுக்குப் பின் பிள்ளைகள் கைபேசியை விட்டு விலகாததைக் கண்ட ஊரார், 2022 ஆகஸ்டில் ஒரு முடிவெடுத்தார்கள். மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஒலி எழும். அடுத்த ஒன்றரை மணி நேரம் கைபேசிகளும் தொலைக்காட்சிகளும் அணைக்கப்பட வேண்டும். பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் வாசிப்பார்கள், பேசுவார்கள். கருவியை எவரும் தூக்கி எறியவில்லை. அதற்கு ஒரு நேர எல்லையை ஊரே கூடி வகுத்தது.

தனிமையே மோசடியின் முதற்படி

மனிதத் தொடர்பு குறைவது மனத்துக்கு மட்டும் இழப்பு என்று எண்ணியிருந்த காலம் போய்விட்டது. அது இன்று நேரடியான பண இழப்பாகவும் வருகிறது. 'டிஜிட்டல் கைது' என்னும் மோசடியை எடுத்துக்கொள்வோம். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, உங்கள் ஆதார் எண் பண மோசடி வழக்கில் சிக்கியிருக்கிறது என்று ஓர் அழைப்பு வரும். காணொலியில் சீருடை அணிந்த ஒருவர் தோன்றுவார்; சில வேளைகளில் நீதிமன்றம் போன்ற அரங்கும் தோன்றும். விசாரணை முடியும்வரை கேமராவை அணைக்கக் கூடாது என்பார்கள். சரிபார்ப்பதற்காக உங்கள் பணத்தை ஒரு கணக்குக்கு மாற்றுங்கள் என்பார்கள். இவை அனைத்துக்கும் முன்பாக வரும் கட்டளை ஒன்று உண்டு: "யாரிடமும் சொல்லக் கூடாது, வீட்டாரிடம்கூட."

மோசடியின் உயிர் இந்தக் கட்டளையில்தான் இருக்கிறது. பக்கத்து அறையில் இருக்கும் மருமகளிடமோ எதிர்வீட்டுக்காரரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பொய் அங்கேயே உடைந்துவிடும் என்பது மோசடிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். எனவே அவர்கள் பணத்தைப் பறிப்பதற்கு முன் மனிதரைப் பிரிக்கிறார்கள். ஏற்கெனவே தனியாக இருப்பவரைப் பிரிப்பது எளிது. பிள்ளைகள் வெளிநாட்டில், அண்டை வீட்டாருடன் பழக்கமில்லை, வங்கிக்கும் போவதில்லை என்ற நிலையில் வாழும் ஒருவருக்கு, படிப்பும் பதவியும் காவலாக நிற்பதில்லை.

சட்டத்தில் 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்றே கிடையாது என்பதைப் பிரதமர் 2024 அக்டோபர் 27 அன்று 'மனதின் குரல்' வானொலி உரையில் நாட்டு மக்களுக்கு விளக்கினார். நில்லுங்கள், சிந்தியுங்கள், செயல்படுங்கள் என்று மூன்று படிகளையும் எடுத்துரைத்தார். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இம்மோசடியில் பணம் இழந்த மூத்த குடிமக்களின் கடிதத்தைக் கொண்டு, தானாக முன்வந்து வழக்கை விசாரணைக்கு எடுத்தது. விழிப்புடன் இருந்த கிளை ஊழியர்கள் கேட்ட ஒரு கேள்வியால் முதியவர்களின் வாழ்நாள் சேமிப்பு தப்பிய செய்திகளும் நாளிதழ்களில் பலமுறை வந்துள்ளன. முதிர்வுக்கு முன்பே வைப்புத்தொகையை முறித்து, அறியாத கணக்குக்கு அவசரமாக அனுப்பக் கோரும்போது, "என்ன அவசரம், யாருக்கு?" என்று நாங்கள் கேட்பது இதனால்தான். அக்கேள்வியைத் தலையீடாகக் கருத வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். திரை இக்கேள்வியைக் கேட்காது.

இழப்பு நேர்ந்துவிட்டால், 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்ய வேண்டும். வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்கு முன் தடுக்க, நிமிடங்கள் முக்கியம். இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, வாடிக்கையாளரின் தவறும் வங்கியின் தவறும் இன்றி மூன்றாம் தரப்பால் நேர்ந்த மின்னணு மோசடியை, வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. ரகசிய எண்ணையோ ஓ.டி.பி.யையோ தாமே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரையிலான இழப்பு அவரையே சேரும். வெட்கத்தால் ஒரு நாள் வாய் திறவாமல் இருப்பது எவ்வளவு விலை கூடியது என்பதை இதிலிருந்து உணரலாம்.

பூட்டிய திரைக்குள் குடும்பத்தின் சொத்து

பீரோவில் இருந்த கணக்குப் புத்தகமும் வைப்புத்தொகை ரசீதும் ஒரு வேலையைச் சத்தமின்றிச் செய்து வந்தன. குடும்பத் தலைவர் திடீரென மறைந்தாலும், எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று வீட்டாருக்கு அவை சொல்லின. இன்று கணக்கு தொடங்குவது முதல் வைப்புத்தொகை போடுவது வரை அனைத்தும் செயலியில் நடக்கின்றன. துணைவிக்குத் தெரியாமல் மறைக்கும் எண்ணம் எவருக்கும் இல்லை; சொல்லும் சந்தர்ப்பம்தான் வருவதில்லை. கைபேசி பூட்டிக்கொண்டால் செய்தியும் உள்ளேயே பூட்டிக்கொள்கிறது.

பத்து ஆண்டுகள் எவரும் உரிமை கோராத வைப்புகள், ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகின்றன. அதன் பிறகும் உரியவர்கள் கோரிப் பெறலாம். அத்தகைய வைப்புகளைத் தேடுவதற்காக ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்னும் இணையதளத்தைத் தொடங்கியது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமனதாரர்களாகக் குறிப்பிடவும் வழி செய்யப்பட்டுள்ளது. ஆனால் அக்கணக்கு இருப்பதையே நியமனதாரரிடம் சொல்லாவிட்டால், எந்தப் படிவமும் அவருக்கு விரைந்து உதவாது.

நாம் செய்யக்கூடியவை

கருவியைக் கையில் வைத்துக்கொண்டே தற்சார்பையும் உறவையும் காத்துக்கொள்ளச் சில எளிய ஏற்பாடுகள் போதும்.

முதலாவது, மாற்று வழி. இரண்டு நாள் செலவுக்கான ரொக்கத்தை வீட்டில் வைத்திருப்போம். ஏ.டி.எம். அட்டையைக் கைபேசி உறையில் செருகாமல் தனியே வைப்போம். ஐந்து முக்கிய எண்களை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைப்போம். அவற்றில் இரண்டையாவது மனப்பாடம் செய்வோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் புத்தகத்தில் பதிவு போடுவோம். கைபேசி தொலைந்தால் முதலில் சிம் அட்டையையும் வங்கிச் சேவைகளையும் முடக்க வேண்டும்; கருவியையே முடக்கத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளம் உதவும். திறன்பேசி இல்லாதவர்கள் சாதாரணக் கைபேசியிலேயே பணம் செலுத்த, 2022 மார்ச்சில் வந்த 'யு.பி.ஐ. 123பே' வசதி இருக்கிறது.

இரண்டாவது, கற்றுக்கொடுத்தல். "நீங்க விடுங்கப்பா, நான் பார்த்துக்கறேன்" என்பது பாசத்தில் பிறக்கும் சொல். ஆனால் அது ஒவ்வொரு முறையும் தந்தையின் கையிலிருந்து கணக்கைச் சிறிது நகர்த்துகிறது. பத்து நிமிடம் கூடுதலாக ஆனாலும் அருகில் அமர்ந்து, அவர் விரலாலேயே அழுத்தச் செய்வோம். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை என்ற ஒரு பாடத்தை மட்டும் அவர் உறுதியாகக் கற்றாலே பெரும் பாதுகாப்பு. அவரால் இயலாதபோதும் ரகசிய எண்ணை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில் அறிமுகமான 'யு.பி.ஐ. சர்க்கிள்' முறையில், தந்தையின் கணக்கிலிருந்து மகனோ மகளோ பணம் செலுத்தத் தொடங்கலாம். ஒவ்வொரு முறையும் தந்தை ஒப்புதல் அளித்தால்தான் பணம் போகும் என்று அமைத்துக்கொள்ளலாம். உதவியும் கிடைக்கிறது, முடிவும் அவரிடமே இருக்கிறது.

மூன்றாவது, ஒரு மனிதர். ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல், முன்பின் அறியாதவருக்கு அனுப்புவதற்கு முன், வீட்டில் ஒருவரிடமாவது சொல்வது என்று குடும்பத்தில் பேசி வைப்போம். இது முதியவர்களுக்கு மட்டும் போடும் கட்டுப்பாடாக இல்லாமல், சம்பாதிக்கும் பிள்ளைகளுக்கும் பொருந்தும் விதியாக இருக்கட்டும். தனியாக வாழ்பவர்கள் ஒரு நண்பரையோ அண்டை வீட்டாரையோ கிளை அதிகாரியையோ அந்த ஒருவராக வைத்துக்கொள்ளலாம். "யாரிடமும் சொல்லாதே" என்று எவர் சொன்னாலும் அந்த நொடியே ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நான்காவது, நேரில் வருதல். எல்லா வேலைக்கும் கிளைக்கு வர வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து, கணக்குகளின் பட்டியலையும் நியமனதாரர் பெயர்களையும் கைபேசி எண்ணையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வர இயலாதவர்களுக்காக நாங்கள் வருகிறோம்: 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும், ரொக்கம் பெறுதல், அளித்தல், வாழ்நாள் சான்றிதழ் பெறுதல் போன்ற அடிப்படைச் சேவைகளை வீட்டிலேயே அளிக்க ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கிளையில் ஒரு சொல் சொன்னால் அதற்கான நடைமுறையை விளக்குவோம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டிலுள்ள அனைவரும் கைபேசிகளை ஓர் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அமருங்கள். எந்த வங்கியில் எந்தக் கணக்கு, யார் நியமனதாரர், எந்தக் காப்பீடு எப்போது முடிகிறது என்று பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். ரகசிய எண்களை மட்டும் எழுத வேண்டாம். எழுதி முடித்த பின் அந்த நோட்டை எங்கே வைப்பது என்பதையும் எல்லோரும் சேர்ந்தே முடிவு செய்யுங்கள்.